சிகாகோவிலிருந்து ஏழு மணி நேரம்

பதினாறு மணி நேரமா? உன் போனிலும் அப்படித்தான் போட்டிருக்கிறதா? எட்டிப் பார்த்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே மகளே. பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் கண் தானாகப் போய்விடுகிறது. சென்னை, டொரண்டோ என்று எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டேன். வேளாங்கண்ணி மாதாவிடம் சொல்லிவிட்டுப் பிளேன் ஏறப் போகிறாயா? நல்லது. மாதா கூடவே வருவாள்.

ஆனால் அந்தப் பதினாறு மணி நேரத்தை மட்டும் நம்பாதே. இல்லாத பிளேனுக்கு நேரம் போட்டு வைத்திருக்கிறார்கள். இந்தக் கணக்கை வைத்து எங்கள் வீட்டில் சண்டையே நடந்திருக்கிறது, அதனால் சொல்கிறேன். நான் எட்டாவது வரைக்கும் படித்தவள்தான். ஆனாலும் சிகாகோ விமான நிலையத்துக்கும் தூத்துக்குடி விமான நிலையத்துக்கும் எவ்வளவு தூரம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஏறக்குறைய பதினாலாயிரம் கிலோமீட்டர். நேரம் எவ்வளவு என்று கேள்.

ஏழு மணி நேரம்.

சிரிக்காதே. எங்கள் பங்குச் சாமியாரும் இப்படித்தான் சிரித்தார். "பூசையில் அறிவிப்பு வாசிக்கும்போது இந்தப் புதுமையையும் வாசியுங்க சாமி" என்று போய்க் கேட்டேன். "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்மா" என்றார். மாதா செய்த புதுமையை, அற்புதத்தை, பொறுத்துப் பார்க்கிறதா? அதுதான் நேராக மாதாவிடமே நன்றி சொல்லிவிடலாம் என்று இந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். தொண்டி தாண்ட இன்னும் நேரம் இருக்கிறது, கேட்கிறாயா? உனக்கும் பயணத்துக்கு உதவும்.

என் மகன் லெவின் சிகாகோவில் இருக்கிறான். என் வீட்டுக்காரர் பெயர் ரொசாரியோ. தீயணைப்பு நிலையத்தில் அதிகாரியாக இருந்து ரிட்டயர் ஆனவர். தூத்துக்குடியில் 'பயர் சர்வீஸ்' என்றால்தான் தெரியும். நல்ல மனுஷன். ஆனால் பாசம், கீசம் என்று எதுவும் கிடையாது. எல்லாம் மணிக்கணக்குதான். மணி அடித்தால் வண்டி வெளியே வந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வாழ்க்கை. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் ஒத்திகை நடத்துவார். சும்மா மணியை அடித்துவிட்டு, பிள்ளைகள் எல்லாம் மைதானத்துக்கு ஓடி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பார். எங்கள் கல்யாணத்தன்றைக்கே கோயில் வாசல் எந்தப் பக்கம் திறக்கிறது என்று கவனித்தவர். திரும்பிப் பார்த்தார், பார்த்தார், என்னைத்தான் பார்க்கிறார் என்று நினைத்து நான் வெட்கப்பட்டேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் லெவின் பெண்டாட்டியோடு வந்திருந்தான். மருமகள் பிரிசில்லா, சென்னைக்காரி, பெரம்பூர். தங்கமான பெண். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது லெவின் சொன்னான்: "யப்பா, வீட்டைப் பூட்டிப் போட்டுட்டு ரெண்டு பேரும் அங்க வந்துருங்க." அன்பாகத்தான் சொன்னான். இவருக்கு எங்கே சுருக்கென்று குத்தியதோ, "குப்பையை வெளிய போடக் கோட்டு மாட்டணும்னா அது ஒரு ஊராலே? நான் வரமாட்டேன். நான் செத்தா நீ வந்து தூக்கு, போதும்" என்றார். அவனும் இவர் பிள்ளைதானே. "சரிப்பா. அப்பவே வாரேன்" என்றான்.

அவ்வளவுதான் மகளே. வாய்வார்த்தை. அது நாலு வருஷம் நின்றது.

பேச்சுவார்த்தை இல்லை என்று சொல்லமுடியாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் போன் வரும். நான் பேசுவேன். இவர் பக்கத்து நாற்காலியில் இருந்துகொண்டு, "பனி பெய்யுதான்னு கேளு" என்பார். நான் கேட்பேன். அவன் அங்கிருந்து, "பெய்யுதுன்னு சொல்லும்மா" என்பான். ஸ்பீக்கர் போட்டிருக்கிறது. ரெண்டு பேர் பேசுவதும் ரெண்டு பேருக்கும் கேட்கிறது. நடுவில் நான் மூன்றாவது ஸ்பீக்கர்.

இப்படி இருக்கும்போதுதான் எதிர்வீட்டுக் கர்வாலோ அண்ணன் தவறிப் போனார். அவர் மகன் மெல்போர்னில். வந்தால்தான் அடக்கம். ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு எல்லாரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இன்றைக்கு வந்துவிடுவான், நாளைக்குக் காலையில் வந்துவிடுவான் என்று மூன்றாம் நாள் ஆகிவிட்டது. நடுவில் கரண்ட் போய், இவர்தான் ஓடிப்போய் ஜெனரேட்டர் கொண்டுவந்தார். அடக்கம் முடிந்து வந்து குளித்தார். தலையைத் துவட்டிக்கொண்டே, "ஏட்டி ஜெசிந்தா, நம்மாளு வர எவ்வளவு நேரமாகும்?" என்றார்.

"யாரு?"

"சிகாகோக்காரன்."

பார், 'மகன்' என்று வாயில் வரவில்லை.

எங்கள் மகள் ஷீபா மதுரையில் டீச்சராக இருக்கிறாள். அவளுக்குப் போன் போட்டார். அவள் இப்போது நீ பார்த்தாயே, அதே மாதிரி ஒரு பக்கத்தைத் தேடி அனுப்பினாள். இந்த விமான நிலையம், அந்த விமான நிலையம், நடுவில் வளைந்து ஒரு கோடு. தூரம் பதினாலாயிரம். பறக்கும் நேரம் பதினேழு மணி. இவருக்கு முகமெல்லாம் வெளிச்சம். "பதினேழு மணி நேரந்தாம்ட்டி! காலையில போன் பண்ணினா மறுநாள் காலையில வந்துருவான். ஐஸ் பெட்டியே வேண்டாம்."

நான் ஞாயிற்றுக்கிழமை லெவினிடம் கேட்டேன். சாவு, கீவு என்று சொல்லவில்லை. சும்மா கேட்டேன். "முப்பது மணி நேரம் ஆகும்மா" என்றான். தோஹாவில் இறங்கி மாறணும், சென்னையில் இறங்கி மாறணும், மாறுகிற இடத்தில் காத்துக் கிடக்கணும், தூத்துக்குடிக்கு நேராக வர அங்கே பிளேன் ஏது என்று சிரித்தான். 

இவருக்குப் பொறுக்கவில்லை. "நடுவுல பதிமூணு மணி நேரம் எங்க போகுதுன்னு கேளு."

"காத்துக் கிடக்கணுமாம்."

"காத்துக் கிடக்கிறதுக்கு எதுக்குப் பிளேன்? அதை இங்க வந்து கிடக்கச் சொல்லு."

அன்றிலிருந்து சாப்பிடும்போதும் இதுதான், செபமாலை சொல்லும்போதும் இதுதான். நான் அருள்நிறை மரியே சொல்லிக்கொண்டிருப்பேன், "பதினேழா, முப்பதா?" என்று நடுவில் விழும். கடைசியில் ஒருநாள் காப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "ஒத்திகை பார்த்துரலாம்."

சேசு மரி சூசையே! நான் பதறிவிட்டேன். "பிள்ளையைப் பொய் சொல்லி வரவழைக்கவா? நான் இதுக்கு உடந்தை இல்லை. ஆண்டவருக்கு அடுக்காது" என்று கறாராகச் சொல்லிவிட்டேன். நான் இதுவரைக்கும் அறிந்து பொய் சொன்னதில்லை, அதைக் கேட்டுக்கொள்.

"பொய் யார் சொல்லச் சொன்னா? 'அம்மா படுத்துட்டா'ன்னு சொல்லப்போறேன். நீ அந்த நேரம் படுத்திருந்தா அது உண்மைதானே?"

திங்கட்கிழமை காலையில் என்று அவராக முடிவு செய்துகொண்டார். எனக்கும் அந்த வாரம் இடுப்பில் ஒரு பிடிப்பு இருந்தது. திங்கட்கிழமை பத்து மணிவாக்கில் கொஞ்சம் படுத்தேன். படுக்கக்கூட உரிமையில்லையா ஒரு மனுஷிக்கு? நான் படுத்த நேரம் பார்த்து அவர் போனை எடுத்தார். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

மீன்காரியிடம் சீலாமீன் கொண்டுவரச் சொன்னது தற்செயல். ஆப்பத்துக்கு அரிசி ஊறவைத்ததும் அப்படித்தான். மாடி அறைக்கு மெத்தை உறை மாற்றினேன், அது மாற்றி நாளாயிற்று என்பதால்.

போன் போட்டார். நாலு வருஷத்தில் முதல்முறையாக அவரே பேசினார்.

"ஏலே லெவின். அம்மா படுத்துட்டா."

அங்கே அப்போது ராத்திரி பத்தரை, தூங்கப் போகிற நேரம் என்று நான் நினைத்துக்கொண்டேன். பின்னால் பாம் பாம் என்று ஆட்டோ ஹாரன் மாதிரிக் கேட்டது. அமெரிக்காவிலும் ஆட்டோ விட்டுவிட்டார்கள் போல.

"யப்பா, என்னப்பா ஆச்சு? பேசுதாங்களா?"

இவர் என்னைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். செபம் சொல்வதற்காக மூடினேன்.

"பேசலை. கண்ணை மூடியிருக்கா. நீ வா" என்று வைத்துவிட்டார். வைத்துவிட்டு மணியைப் பார்த்தார். நியாயமாகப் பார்த்தால் சரியாக முப்பது மணி நேரம் கழித்து, மறுநாள் சாயங்காலம்தான் அவன் வரவேண்டும். ஆனால் இந்த மனுஷன் அன்றைக்கு மத்தியானமே ரெண்டாவது தடவை சவரம் செய்தார். தேய்த்த சட்டையைப் போட்டார். நாற்காலியை வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் தூக்கிப் போட்டுக்கொண்டார். "எதுக்கு இப்பவே?" என்றேன். "காத்து வருது" என்றார். காற்றா? ஜனவரி மாதம், ஒரு இலை அசையவில்லை. மணி பார்க்கிற ஆசை, வேறென்ன? நான்தான் சொன்னேனே, பாசம் என்று எதுவும் கிடையாது.

எனக்குத்தான் மனது கேட்கவில்லை. நாலு வருஷமாக வராத பிள்ளை. 'அப்பவே வாரேன்' என்று சொல்லிவிட்டுப் போன பிள்ளை. நான் விழுந்துவிட்டேன் என்று கேட்டாவது வருவானா, இல்லை, 'லீவு இல்லப்பா, ஷீபாவைப் போய்ப் பார்க்கச் சொல்லு' என்பானா? வராமல் போய்விட்டால் இவர் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? மாதா படத்துக்கு முன்னால் மண்டியிட்டு ஒன்று கேட்டேன். "அம்மா, முப்பது மணி நேரம் என்னால தாங்க முடியாது. கொஞ்சம் சுருக்கிக் கொடு." அவ்வளவுதான் கேட்டேன்.

சாயங்காலம் ஐந்து மணி. நான் அடுப்படியில் சீலாமீன் பொரித்துக்கொண்டிருக்கிறேன். வாசலில் கார் வந்து நின்ற சத்தம். "ஏட்டி!" என்று இவர் கூப்பிடுகிறார். அந்த மாதிரிக் குரலை நான் கேட்டதே இல்லை. கரண்டியோடு திரும்பினால், அடுப்படி வாசலில் என் பிள்ளை நிற்கிறான்.

ஏழு மணி நேரம்! பதினாலாயிரம் கிலோமீட்டர்!

அவன் என்னைப் பார்த்தான். கரண்டியைப் பார்த்தான். சட்டியில் மீனைப் பார்த்தான். கண் சிவந்து வீங்கிப் போயிருந்தது. வழியெல்லாம் அழுதிருக்கிறான்.

"யம்மா... நீ படுத்துட்டேன்னு அப்பா..."

"படுத்திருந்தேன்ப்பா. எந்திரிச்சுட்டேன்" என்றேன். உண்மைதானே?

அப்படியே அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டான். முழங்காலில் தலையைக் கவிழ்த்து, அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை, உடம்பு மட்டும் குலுங்குகிறது. நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவினேன். மீன் கருகிப் போயிற்று, போகட்டும்.

இவர் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று மேலும் கீழும் பார்க்கிறார். அப்போதுதான் நானும் பார்த்தேன். பாவம், எவ்வளவு அவசரமாகக் கிளம்பியிருக்கிறான்! தோளில் ஒரு சின்னப் பை, பெட்டி இல்லை. அரைக்கை பருத்திச் சட்டை. காலில் ரப்பர் செருப்பு. சிகாகோவில் முழங்கால் அளவுக்குப் பனி கிடக்கிறது என்று முந்தின நாள்தான் சொல்லியிருந்தான். அதில் ரப்பர் செருப்போடு ஓடி வந்திருக்கிறான் என் பிள்ளை.

"வழியில எதுவும் லேட்டா?" என்று இவர் மெதுவாகக் கேட்டார்.

"குரோம்பேட்டையில சரியான டிராஃபிக்பா. பிளேனையே விட்டிருப்பேன்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். எதற்கு என்று தெரியவில்லை. அமெரிக்காவில் நம் ஊர்ப் பெயரெல்லாம் வைத்திருக்கிறார்களாமே, அப்படி ஒரு குரோம்பேட்டை அங்கேயும் இருக்கும்.

இவர் வாயைத் திறந்தார். ஒரு கேள்வி கேட்க மூச்சு இழுத்ததை நான் பார்த்தேன். முப்பத்தெட்டு வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு அது தெரியும். நான் தட்டிலிருந்த நல்ல மீன் துண்டு ஒன்றை எடுத்து அவர் வாயில் வைத்தேன். "உப்பு சரியா இருக்கான்னு பாருங்க." மென்றுகொண்டே என்னைப் பார்த்தார். அவன் முகம் கழுவப் போனதும் காதோடு சொன்னேன்: "எதுவும் கேட்காதீங்க. கேட்டா புதுமை போயிரும்."

"ஏட்டி, பதினாலாயிரம் கிலோமீட்டரை ஏழு மணி நேரத்துல..."

"ஆண்டவரால ஆகாதது உண்டா?"

"ரப்பர் செருப்போட எந்த ஏர்போர்ட்ல..."

"உண்டா, இல்லையா?"

"உண்டு" என்றார். நிலைய அதிகாரியாக இருந்தவர். என்னிடம் 'உண்டு' என்றார்.

நாலு நாள் இருந்தான் மகளே. அந்த நாலு நாளும் புதுமைக்கு மேல் புதுமை. போன தடவை அமெரிக்காவிலிருந்து வந்தபோது பகலெல்லாம் தூங்கி, ராத்திரியெல்லாம் பேய் மாதிரி வீட்டுக்குள் நடந்தான். இந்தத் தடவை ஒன்பது மணிக்குப் படுத்து, கோழி கூப்பிட எழுந்தான். நேரம் மாறிய களைப்பு துளிகூட இல்லை. கையில் கொசு கடித்த தடம் பழசும் புதுசுமாக இருந்தது. சட்டைக் காலரில் தி.நகர்க் கடைத் துண்டுச்சீட்டு தொங்கியது, நானே வெட்டி எறிந்தேன். எல்லாம் அங்கேயும் கிடைக்கிறது போல.

மூன்றாம் நாள் பிரிசில்லா போனில் வந்தாள். கை ஈரமாக இருந்ததால் அவன் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டான். "லெவின், அப்பாவுக்குத் தையல் பிரிச்சாச்சு. நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நீ பத்து நாளா குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்கும் பெரம்பூருக்குமா அலைஞ்சதைச் சொல்லிச் சொல்லி அழறாரு" என்றாள். இவன் போனைப் பிடுங்கி அணைப்பதற்குள் அவ்வளவையும் சொல்லிவிட்டாள், வேகமாகப் பேசுகிற பெண்.

நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன், உருவிக்கொண்டே இருந்தேன். இவர் தண்ணீர்ச் செம்போடு நிற்கிறார். லெவின் தரையைப் பார்க்கிறான். இப்போது பேச்சு முறிந்தால் இன்னும் நாலு வருஷத்துக்கு வரமாட்டான் என்று எனக்குப் பயம். ஒரு வார்த்தை. இவர் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை குறுக்கே விழுந்தால் போதும்.

இவர் செம்பைக் கீழே வைத்தார்.

"மாமனாருக்கு என்னலே ஆபரேஷன்?"

"குடலிறக்கம்ப்பா."

"இப்ப நல்லா இருக்காராமா?"

"நல்லா இருக்காருப்பா."

"அந்த மனுஷன்கிட்ட நான் கேட்டதாச் சொல்லு." அவ்வளவுதான். பிறகு தொண்டையைச் செருமி, "மோட்டார் தண்ணி இழுக்க மாட்டேங்குது. வாலே, பார்ப்போம்" என்றார். ரெண்டு பேரும் கொல்லைப்பக்கம் போனார்கள். ஒரு மணி நேரம் அந்த மோட்டாரைக் கழற்றினார்கள். "ஸ்பேனரைத் தாலே" "இதாப்பா" "இதில்லைலே, பெரிசு" என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. என்னைக் 'கேளு', 'சொல்லு' என்று ஒருத்தரும் கூப்பிடவில்லை. நான் கீரையை வைத்துக்கொண்டு அழுதேன். மோட்டாரை நன்றாகவே கெடுத்துவிட்டார்கள், பிறகு ஆள் வந்துதான் சரி செய்தான்.

கிளம்பும்போது லெவின் என் கையைப் பிடித்துக்கொண்டு, "யம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தான். "நேரமாச்சு, ஏர்போர்ட்டுக்குப் போ" என்று நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பிவிட்டேன்.

என்ன மகளே, வாயைத் திறந்து மூடுகிறாய்? சொல். 

ம்.

நீயும் அதையேதான் சொல்கிறாய். அவன் பத்து நாளாகச் சென்னையில்தான் இருந்திருக்கிறான், அங்கிருந்துதான் வந்தான், அதில் என்ன புதுமை என்கிறாய். சாமியாரும் அதைத்தான் சொல்லாமல் சிரித்தார். படித்தவர்கள் எல்லாரும் கணக்கில் கெட்டி.

சரி, நான் ஒன்று கேட்கிறேன். சிகாகோவிலிருந்து சென்னைக்கு வருவது ஒரு பெரிய காரியமா? டிக்கெட் எடுத்தால் பிளேன்காரன் கொண்டுவந்து இறக்கிவிடுகிறான். மாமனார் ஆஸ்பத்திரிக்கு வந்தவன், அப்பா வீட்டுக்கு வரப் பயந்து பத்து நாள் அங்கேயே உட்கார்ந்திருந்தானே, அந்தச் சென்னையிலிருந்து எங்கள் வாசலுக்கு நாலு வருஷமாக ஒரு பிளேனும் ஓடவில்லை மகளே. அன்றைக்கு ஓடியது. காலில் சரியாகச் செருப்புக்கூட மாட்டாமல் என் பிள்ளை அதில் ஏறி வந்தான். இது புதுமை இல்லையென்றால் எதைப் புதுமை என்பது?

நீ கண்ணைத் துடை. பிளேன் ஏறுகிறவள் அழக்கூடாது.

என் வீட்டுக்காரர் ஏன் வரவில்லையா? அவருக்கு வேறு வேலை இருக்கிறதாம். போன ஒத்திகையில் சென்னைக் கணக்கு கலந்துவிட்டதால் செல்லாதாம். சிகாகோவிலிருந்தே கிளம்புகிற மாதிரி இன்னொன்று வைத்தால்தான் சரியான நேரம் தெரியுமாம். இந்தத் தடவை படுக்கப் போவது அவராம்.

நான் கண்டித்துச் சொல்லிவிட்டேன். பிள்ளையைப் பொய் சொல்லி வரவழைப்பதற்கு நான் ஒருநாளும் உடந்தையாக இருக்க மாட்டேன், ஆண்டவருக்கு அடுக்காது என்று.

அப்படியே படுப்பதாக இருந்தாலும் தவக்காலத்தில் படுக்காதீங்க, பிள்ளை வந்தால் கறி ஆக்கிப் போட முடியாது, ஈஸ்டர் கழித்துப் படுங்க என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.